எனக்காக விழ வேண்டாம் என்றவர்

ஆரோக்கியம் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நாங்கள் பாய் விரித்துக்கொண்டிருந்தோம். புதுவாயல் கூட்டுரோட்டுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், முகூர்த்தம் இல்லாத ஞாயிறு மாலைகளில் நடக்கும் அய்கிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை வகுப்பு எங்களுடையது. மாஸ்டர் பார்வதியை அண்ணனின் மகள் கைபேசியில் அழைத்தாள். "அப்பாவுக்கு மறுபடியும் ஸ்ட்ரோக் வந்துச்சு மாஸ்டர். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே..." பார்வதி போனைக் காதிலிருந்து எடுக்காமலே தரையில் உட்கார்ந்துவிட்டார். விரித்த பாய்களை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பினோம்.

வெளியில் அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டியவர். எங்களுக்கு அவர் எதையும் 'ஏன்' என்று கேட்காமல் விடாத சக மாணவர்.

என் முதல் நாளன்று கதவோரமாகவே நின்றேன். அய்கிடோவில் போட்டி கிடையாது. ஒருவர் பிடிப்பார், மற்றவர் அந்தப் பிடியின் வேகத்தையே திருப்பி அவரை விழவைப்பார், பிறகு மாறிக்கொள்வார்கள். தெரியாத ஆண்கள் கையைப் பிடிப்பார்கள் என்பதே எனக்குக் கூச்சமாக இருந்தது. அண்ணன் அருகில் வந்தார்.

"இன்னாம்மா, பயமாக்கீதா? பரவால்ல, அங்கயே நில்லு. ஒண்ணு மட்டும் சொல்லு. ரோட்ல எவனாவது உன்ன இழுத்தா, எதப் புடிச்சு இழுப்பான்?"

"துப்பட்டாவ" என்றேன்.

வகுப்பில் யாரும் அதை யோசித்ததில்லை. அண்ணன் தன் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். "இழு. நெசமாவே இழு." இழுத்தேன். இருமினார், தள்ளாடினார், பிறகு கண்கள் மின்னத் திரும்பினார். "மாஸ்டர், இதுக்கு நம்மகிட்ட ஒண்ணுமே இல்லியே!"

பார்வதிக்குக் கோபம் வரவில்லை. "அப்ப கண்டுபிடிப்போம்" என்றார். அன்று மாலை முழுவதும் ஆளுக்கொரு துண்டைப் போட்டுக்கொண்டு இழுபட்டோம். இழுக்கும் பக்கமே திரும்பி உள்ளே நுழைவது என்று அன்று கண்டுபிடித்ததைத்தான் இப்போது புதிதாக வரும் பெண்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிறோம்.

போன வருஷம் அவருக்கு முதல் ஸ்ட்ரோக் வந்தது. இடது கை தொங்கிப்போனது, கிரேன் வேலை போனது. சில மாதங்கள் கழித்து, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார். நாங்கள் நெகிழ்ந்துபோனோம். அவருடைய இடது கையை மெதுவாகத் தொட்டோம். அவர் அசைந்ததும் பொத்தென்று விழுந்தோம். நான் விழுந்தபோது அவர் முகம் சிவந்துவிட்டது.

"எனக்காவ வுழாதீங்கப்பா! நீங்களே வுழுந்துட்டா நான் இன்னாத்த கத்துக்கிறது? இதுக்கு நான் ஊட்லயே குந்தினு இருப்பேனே!"

அவர் செருப்பைத் தேடினார். அப்படியே போய்விடுவாரோ என்று பயந்தேன். பார்வதி என்னைப் பார்த்து, "ஒழுங்கா புடி" என்றார். போய் அவருடைய இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தோள் நடுங்கியது, நெற்றியில் வியர்த்தது. நான் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் சிரித்தார். "இப்பதான் கேள்வியே வந்துகீது."

அதன்பின் ஒவ்வொரு வாரமும் நான்தான் பிடித்தேன். கையை விட்டுவிட்டுக் காலை நகர்த்திப் பார்த்தார். மூச்சை மாற்றிப் பார்த்தார். கண்ணை மூடிப் பார்த்தார். தோற்றபோதெல்லாம், "அடடே, ஏன்?" என்று என்னிடமே கேட்டார். ஒரு மாலை, வழக்கம்போலப் பிடித்தபடி நின்றிருந்தேன். அடுத்த கணம் என் முதுகு பாயில் கிடந்தது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏய், நீயா வுழுந்தியா?"

"சத்தியமா இல்லண்ணே. நீங்கதான்."

"நான் இன்னா பண்ணேன்?"

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. மறுபடி முயன்றோம், வரவில்லை. அவருக்கு அதில் வருத்தமே இல்லை. "இருக்கட்டும், இன்னும் கீது பாரு" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

அவர் அடக்கம் முடிந்து அடுத்த ஞாயிறு, நாங்கள் ஒவ்வொருவராக இடது கையைத் தொங்கவிட்டு முயன்று பார்த்தோம். பிடித்தவர்கள் யாரும் விழவில்லை. விழுவதுபோல் யாரும் நடிக்கவும் இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு விழுதல். எப்படி விழுந்தேன் என்று இன்னும் எனக்குத் தெரியாது.