முதல் அடிக்குப் பிந்தி வந்தவர்கள்

முறையீட்டுக்கு இருபத்தெட்டு நாட்களுக்குள் பதில் தரவேண்டும் என்பது பாண்ட் வாத்தியப் போட்டிச் சங்கத்தின் விதி. இன்னொரு விதியும் உண்டு: வாசலில் பார்வையாளர் எந்த அணியின் பெயரைச் சொல்கிறாரோ, அவருடைய நுழைவு ரிக்கெற் காசில் பாதி அந்த அணிக்கு. ஆனால் முதல் முரசு அடித்ததும் கணக்கை மூடிவிடுவார்கள்.

லண்டன் ஹரோவில் எங்கள் பிள்ளைகளின் அணியை நடத்தியவள் என் மனைவி. கிங்ஸ்பரி வரை வீடுவீடாகப் போன் எடுத்து ஆட்களைத் திரட்டினாள். இருநூறு பேர் வந்தார்கள், கலியாணவீட்டுக்கு வருவதுபோல ஒரு மணிநேரம் பிந்தி. எங்கள் கணக்கில் ஏறியவர்கள் ஒன்பது பேர். இனி மண்டப வாடகை கட்ட வழியில்லை, அணி நின்றுபோகும்.

அடுத்த கிழமை, பழைய வருத்தம் முற்றி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது சொன்னாள்:

"கவுன்சிலிலை முப்பது வருசம் சனத்துக்குக் கடிதம் எழுதினனீங்கள். எனக்கும் ஒண்டு எழுதுங்கோவன்."

"எழுதுறன். இருபத்தெட்டு நாளிலை பதில் வரும்."

"அப்ப அதுவரைக்கும் இருக்கிறன்."

இருபத்தெட்டு நாளும் இருந்தாள். அதற்குமேல் ஒரு கிழமையும் இருந்தாள். ஒவ்வொரு நாளும் தபாலைத்தான் விசாரித்தாள்.

செத்தவீட்டுக்கு எல்லோரும் நேரத்துக்கே வந்தார்கள்.

எங்கள் அணிக்குரிய பங்கைத் தருவதாகச் சங்கத்தின் பதில் வந்தது, அவளுடைய அந்தியேட்டியன்று, அவள் செத்த முப்பத்தோராம் நாள்.