செல்வியின் விரலில் ராசம்மா

“இந்த விரல் உங்களுடையதுதானா?”

போன மாசம் ஊட்டி கோர்ட்டில் ஒரு நீதிபதி கேட்ட கேள்வி இது. கூண்டில் நின்ற செல்வி வலது கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற விஷயமாகவும் அது இல்லை…

ஊட்டி காந்தலில் எங்கள் பின் வீட்டில் குடியிருக்கிற பெண் செல்வி. சேரம்பாடிப் பக்கம் ஒரு தனியார் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். அவள் அம்மா ராசம்மா, சிலோனிலிருந்து கைக்குழந்தையாக வந்தவர். ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்தார். தேயிலை விலை சரிந்து தோட்டத்தைப் பூட்டியதும் இரண்டு பேரும் இங்கே வந்தார்கள். போன வருஷம் ராசம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்.

தோட்டத்தில் காலையில் ஆள் எடுப்பதைப் பெரட்டு என்பார்கள். கடைசி வருஷங்களில் அதற்கும் ஒரு மெஷின் வந்தது. விரல் வைத்தால் திரையில் முகம் வரும், “தேங்க் யூ” என்று ஒரு குரல் சொல்லும். ஆனால் முப்பது வருஷம் கொழுந்து கிள்ளிய விரலில் ரேகை எங்கே இருக்கும்? ராசம்மா எத்தனை முறை அழுத்தினாலும் மெஷின் கீச்சென்று கத்தியது. கிளார்க்குக்குப் பொறுமை போயிற்று.

“ஏம்மா, உம் மவ சும்மாதானே நிக்குது? அது வெரல வையி!”

வைத்தாள். பெயரும் படமும் அம்மாவுடையவை, விரல் மட்டும் மகளுடையது. அப்புறம் தினமும் காலேஜ் பஸ்ஸைப் பிடிக்கும் முன் பெரட்டுக்குப் போய் விரல் வைத்துவிட்டு வருவாள் செல்வி. அம்மா கொழுந்து பறிக்க மலையேறிவிடுவார். அது ஒரு தப்பு என்று அன்றைக்கு யாருக்குத் தோன்றும்?

இந்த வருஷம் டீத்தூள் பாக்கெட் போடும் இடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஆள் பிடித்துத் தருகிற கான்ட்ராக்டர் ஒரு மெஷினை நீட்டினார். விரல் வைத்தாள்.

திரையில் அம்மா.

நெற்றியில் கூடைக் கயிறு, பின்னால் மூடுபனி. கீழே பெயர், வயது, கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது வரை! பூட்டிய தோட்டத்து ஆட்களின் விவரத்தையெல்லாம் மெஷினோடு சேர்த்து வாங்கியிருந்தார் அந்த மனிதர்.

“ஏனுங்க, ராசம்மாங்கறது நீங்கதானுங்களா?”

“அது எங்கம்மாங்க. செத்துப்போச்சுங்க.”

“இப்ப அதைப் பிரிக்கறது பெரிய வேலைங்க. பேசாம ராசம்மான்னே வந்துட்டுப் போங்க. மெசினுக்கு என்ன தெரியப்போவுது?”

வேலை வேண்டுமே… போனாள். தினமும் காலையில் விரல் வைப்பாள், அம்மா வந்து நிற்பார், “தேங்க் யூ” கேட்கும். பட்டியலைப் பார்த்து சூப்பர்வைசரும் ராசம்மா என்றே கூப்பிட்டார்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, இன்னிக்கு மார்க்கெட்ல யாரோ ‘ராசம்மா’ன்னு கூப்ட்டாங்கக்கா.”

“அதுக்கென்ன? ஊர்ல ஒரு ராசம்மாவா இருக்கா?”

“நான் திரும்பிட்டேன்க்கா… நெனப்பே இல்லாம திரும்பிட்டேன்.”

அடுப்பை அணைத்துவிட்டு அவளை உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தேன்.

மறுநாளே இலவச சட்ட உதவிக்குக் கூட்டிப் போனேன். அங்கே கிடைத்த வக்கீலம்மா, அந்த விவரத்தை அழிக்கச் சொல்லிக் கான்ட்ராக்டர் மேல் வழக்குப் போட்டார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கேட்டுக் கேட்டுத்தான் எதையும் தெரிந்துகொள்வேன். மனுஷருடைய அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதாம். சரி, அது எங்கள் பின் வீட்டுக்கு வர வேண்டாமா?

கான்ட்ராக்டரின் வக்கீல் கெட்டிக்காரர். “பதிவு ராசம்மா பெயரில் இருக்கிறது. அவர் உயிரோடு இல்லை. இறந்தவருக்கு என்ன அந்தரங்கம்?” என்று மடக்கினார்.

அப்போதுதான் நீதிபதி அந்தக் கேள்வியைக் கேட்டார். செல்வி விரலைத் தூக்கினாள். நீதிபதி அந்த வக்கீல் பக்கம் திரும்பினார்.

“பெயர் இறந்திருக்கலாம். விரல் என் முன்னால் நிற்கிறதே?”

அப்புறம் செல்வியிடம், “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்றார்.

“எனக்கு எங்கம்மா வேணுங்கய்யா. ஆனா அந்த மெசின்ல வேணாங்க.”

மெஷினில் இருப்பதை அழிக்கச் சொல்லி உத்தரவானது. செல்வியை அவள் பெயரிலேயே வேலையில் சேர்க்க வேண்டும், விவரம் வேறு யாருக்கெல்லாம் போனது என்று எழுதித் தர வேண்டும் என்றும் சொன்னார். எழுதித் தந்தார்கள் – இன்னும் மூன்று பேருக்குப் பிரதி போயிருக்கிறது! அவர்கள் யாருக்குக் கொடுத்தார்களோ, தெரியாதாம். கோர்ட் கதவைத் திறந்தது, நன்றாகவே திறந்தது. ஆனால் அந்த விவரம் பனி மாதிரி எத்தனை வீட்டுக்குள் புகுந்திருக்கிறது என்று யார் எண்ணுவது?

நேற்று ரேஷன் கடைக்குச் சேர்ந்து போனோம். கடைக்காரர் மெஷினை நகர்த்தினார். செல்வி கண்களை இறுக்கி மூடிக்கொண்டு விரலை வைத்தாள்.

“அக்கா, நீங்களே பாத்துச் சொல்லுங்க… யாரு வந்திருக்கா?”

“செல்விதான்டி” என்றேன். சொல்வதற்கு முன் நானும் ஒருமுறை திரையை உற்றுப் பார்த்துக்கொண்டேன்.