பேர் போடாத பேச்சு

யார் பேசுகிறார்கள் என்று முன்னாலேயே பேர் போட்டு அச்சடித்த உரையாடலை நான் நம்புவதில்லை. பேர் போட்டவர் யார், அவருக்கு யார் சொன்னார்கள் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்த காலமெல்லாம் விடைத்தாள் திருத்தி, எந்தப் பிள்ளை எதைப் பார்த்து எழுதியது என்று கண்டுபிடித்தே வளர்ந்த புத்தி இது. நான் ஓய்வு பெற்ற பிறகும் அது ஓய்வு பெறவில்லை.

போன வருஷம் தேனியில் ஒரு கல்லூரியில் பழைய இலக்கியங்களில் வரும் உரையாடல்களைப் பற்றிக் கூட்டம் வைத்தார்கள். வேதத்தில் உள்ள உரையாடல் பாட்டுகளைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். அனுமந்தன்பட்டியில் ஞானஸ்நானம் வாங்கி, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவளிடம் எதற்காக இதைக் கொடுக்கிறார்கள், இதில் என்ன உள்குத்து இருக்கிறது என்று அதையும் சந்தேகப்பட்டேன். ஒன்றுமில்லை, வேறு ஆள் கிடைக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருந்தது. தெய்வங்களைப் புகழும் பாட்டுகளுக்கு நடுவே திடீரென்று இரண்டு தரப்பு உட்கார்ந்து பேசிக்கொள்கிறது. களவு போன மாடுகளைத் தேடி வந்த பெண்நாயிடம், திருடியவர்கள், எங்களுக்குத் தங்கச்சியாக இங்கேயே இருந்துவிடு, உனக்கும் பங்கு தருகிறோம் என்று நைச்சியம் பண்ணுகிறார்கள். நாய் மசியவில்லை. இன்னொன்றில் ஒருவர் பெருகி வரும் இரண்டு ஆறுகளிடம், வண்டி கடக்க வேண்டும், கொஞ்சம் தாழ்ந்து ஓடுங்கள் என்று கேட்கிறார். ஆறுகள் யோசித்துப் பதில் சொல்கின்றன. லோயர் கேம்பில் அணைத் தண்ணீர் திறந்து விடும் நாளில் கரையில் போய் நின்றவர்களுக்கு ஆற்றிடம் பேசுவது ஒன்றும் பைத்தியக்காரத்தனமாகத் தெரியாது.

ஆனால் இன்னார் பேசுகிறார் என்ற குறிப்பு அந்தப் பாட்டுகளுக்குள் கிடையாது. பேச்சு மட்டும்தான் இருக்கிறது. கேட்கிறவர்களுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டார்கள். பேரெல்லாம் பின்னால் வந்தவர்கள் போட்டது.

என்னைப் பிடித்துக்கொண்டது ஒரு முனிவரும் அவர் மனைவியும் பேசுகிற சின்னப் பாட்டு. இத்தனை வருஷம் இரவு பகலாக உழைத்துவிட்டேன், வயது அழகைத் தின்கிறது, புருஷன் பெண்டாட்டியிடம் வரத்தான் வேண்டும் என்கிறாள் அவள். உழைப்பு வீண்போகாது என்கிறார் அவர். அடுத்து அடக்கி வைத்த ஆசை கரை மீறியதாக ஒரு செய்யுள் வருகிறது. அதை அவள் சொல்கிறாள் என்று ஒரு கட்சி, அவர் சொல்கிறார் என்று ஒரு கட்சி. நான் வாங்கிய தமிழ்ப் புத்தகம் யோசிக்காமல் அதையும் அவள் தலையில் கட்டியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. கெஞ்சுகிற பேச்சு என்றால் பெண்பிள்ளை பேச்சு என்று யார் முடிவு பண்ணினார்கள்? கூட்டத்தில் இதைக் கேட்காமல் விடக்கூடாது என்று வைத்திருந்தேன்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டிலும் பேச்சுவார்த்தை இல்லை. கோயம்புத்தூரில் இருக்கும் மகள், ரெண்டு பேரும் எங்களோடு வந்து இருங்கள் என்று போனில் கேட்டாள். நான் சரி என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுக்கொண்டே வாசலில் நின்றிருக்கிறார். ஓடைப்பட்டியில் அவர் கையால் பந்தல் போட்டு வளர்த்த திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வருகிறீர்களா என்று அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். அன்றோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். தோட்டத்து மோட்டார் ரூமிலேயே படுத்துக்கொண்டார். சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் மட்டும் சாயங்காலத்தில் வீட்டுக்கு வருவார்.

எங்கள் பக்கத்தில் பேச்சு நின்றுவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள் என்று நினைக்கக் கூடாது. சாடை பேசுவோம். சுவரிடம், ஆட்டுக்குட்டியிடம், அடுப்பிடம், எதிரே எது இருக்கிறதோ அதனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவோம். கேட்க வேண்டியவருக்குக் கேட்டுவிடும். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு நாய் இருந்தது.

"ஏலே, ரசத்துல உப்பு கூடிப்போச்சுன்னு ஒங்காத்தாகிட்ட சொல்லு" என்பார் முற்றத்தில் உட்கார்ந்து.

"மோட்டார் ரூம்ல ரசம் வச்சு ஊத்துறவுக இருந்தா அங்கனயே குடிக்கச் சொல்லு" என்பேன் நான் அடுக்களையிலிருந்து. நாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கும்.

மேசையில் கிடந்த புத்தகத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. "நம்மளே வேதக்காரவுகதான. இது என்னலே புது வேதம்? வர்ற ஞாயித்துக்கெழம பூசைக்கு வருவாளான்னு கேட்டுக்க." கிறிஸ்தவர்களை எங்கள் ஊரில் வேதக்காரர் என்பார்கள்.

கூட்டத்தில் பாட்டை இரண்டு குரலில் படிப்பதாக ஏற்பாடு. முனிவர் பேச்சைக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் படிப்பார். மனைவியின் பேச்சு எனக்கு. அதனால் சாயங்காலம் அடுப்படியில் வேலை பார்த்துக்கொண்டே என் பங்கை மட்டும் சத்தமாகச் சொல்லிப் பழகுவேன். ஒரு செய்யுள் முடிந்ததும் பேராசிரியர் படிக்க வேண்டிய நேரத்துக்கு இடைவெளி விட்டு, மனசுக்குள் ஓட்டிவிட்டு, அடுத்ததைச் சொல்லுவேன். அந்த இடைவெளியில் முற்றத்திலிருந்து ஒரு செருமல் கேட்கும். முதலில் சளி என்று நினைத்தேன். தினமும் அதே இடத்தில் செருமினால் அதற்குப் பேர் சளி இல்லை. என் வீட்டுக்காரர் கேலி பண்ணுகிறார் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் நடவடிக்கையே சரியில்லாமல் போனது. நான் பக்கத்தில் போனால் போனை வைத்துவிடுவார். பீரோவில் இருந்த நல்ல சட்டையைக் கேட்காமல் எடுத்துப் போனார். தோட்டத்துப் பக்கம் கேரளா நம்பர் ஜீப் ஒன்று நின்றதாகப் பால்காரர் சொன்னார். திராட்சை வாங்க வருகிற வண்டி என்றால் பழம் பழுத்திருக்க வேண்டும். அப்போதுதான் கிளை நறுக்கிக் கவாத்து முடிந்து கொடி மொட்டையாக நின்றது. பழமில்லாத தோட்டத்துக்கு எதற்கு ஜீப்? அன்று சாயங்காலம் என் பாட்டைச் சொல்லி நிறுத்தியபோது செருமலுக்குப் பதிலாகப் பேச்சே வந்தது.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லுலே. எல்லாம் முடியட்டும்."

எது முடியட்டும்? தோட்டத்தை விற்றுப் பணத்தை எடுத்துக்கொண்டு தனியாக எங்காவது போய்விடுவார் என்று தோன்றியது. இந்த வயதில் என்னைக் கேட்காமல், என்னிடம் சொல்லாமல். கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். என் சம்பளத்தில் பாதி அந்தத் தோட்டத்துக்குத்தான் போயிருக்கிறது. அதைவிட, இந்த மனிதர் இல்லாத வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன் என்ற நினைப்புதான் என்னை ஆட்டியது.

மறுநாள் காலையில் பஸ் ஏறி ஓடைப்பட்டி போய் இறங்கினேன். ஜீப் நின்றது. பந்தலுக்கு அடியில் நல்ல சட்டையோடு என் வீட்டுக்காரரும், வேட்டி கட்டிய குமுளிப் பக்கத்து ஆள் ஒருவரும் கல்தூண்களைத் தட்டிப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார்கள். நான் வந்ததை அவர்கள் பார்க்கவில்லை.

"சேச்சிக்கு சம்மதமாணோ?" என்று அந்த ஆள் கேட்டார். வீட்டம்மாவுக்குச் சம்மதமா என்று கேட்கிறார். இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்த அளவு மலையாளம் புரியும்.

"அவ கேட்டுத்தான நானே விக்க வந்தேன்" என்றார் இவர்.

மாசக்கணக்கில் அவரிடம் நேராகப் பேசாதவள், அப்போது பேசினேன். "நான் எப்பங்க கேட்டேன்?"

திரும்பிப் பார்த்தவருக்கு முகம் வெளுத்துப் போனது. குமுளிக்காரர் விவரமானவர். பீடி பற்றவைப்பது போல ஜீப் பக்கம் போய்விட்டார்.

"தெனமும் அடுப்படியில நின்னு கேட்டியே" என்றார். "ராத்திரி பகலா ஒழச்சு ஒழச்சு ஓஞ்சு போனேன், வயசாகி அழகெல்லாம் போச்சுன்னு சொன்னியா இல்லையா? சொல்லிட்டு, பதிலு வருமான்னு வேற நிறுத்துவே. எனக்கு என்ன சொல்லன்னு தெரியல. செருமுவேன்."

"அது..."

"புருசன் பொண்டாட்டிகிட்ட வரணும்னும் சொன்னே. மோட்டார் ரூம்ல படுக்குறதத்தான் நீ சொல்றேன்னு வெளங்குச்சு. வெறுங்கையோட வந்தா மூஞ்சியத் திருப்பிக்கிருவே. இத வித்துட்டு, வா கோயமுத்தூருக்குப் போவம்னு வந்து நிப்போம்னு இருந்தேன்."

சிரிப்பு வந்தது. அதற்குள் அழுகை முந்திக்கொண்டது. பையிலிருந்த புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடவில்லை.

"அப்ப இது நீ சொல்லலியா?"

"அந்தக் காலத்துப் பொம்பள சொன்னது."

"ஒனக்கு அப்படித் தோணலியா?"

இத்தனை பிள்ளைகள் எதைப் பார்த்து எழுதினார்கள் என்று கண்டுபிடித்தவளுக்கு, தன் வாயில் வந்தது யாருடைய பேச்சு என்று உடனே சொல்லத் தெரியவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் அது பொய். கால் வலியோடு அந்த அடுப்படியில் நின்ற சாயங்காலங்களில், சில வரிகளை நான் பழக்கத்துக்காக மட்டும் சத்தமாகச் சொல்லவில்லை.

"தோணுச்சு" என்றேன்.

அவர் மொட்டைக் கொடியை அண்ணாந்து பார்த்தார். ஜீப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"விக்காதீக" என்றேன். "கொஞ்ச நாளு மககிட்ட போயி இருந்துட்டு, கவாத்துக்கு இங்கன வந்துருவோம். இன்னைக்கி வீட்டுக்கு வாங்க."

அவர் என்னை முழுசாக நம்பாத பார்வை ஒன்று பார்த்தார். பிறகு குனிந்து, திறந்திருந்த பக்கத்தில் மேலிருந்து கீழ் வரை விரலை ஓட்டினார். அடுத்த பக்கத்தையும் புரட்டித் தேடினார்.

"நீ இப்பச் சொன்னது இதுல இல்லையே" என்றார்.