அவள் மறைத்த மாத்திரை

ஒரு தங்கும் விடுதியின் சலவைக் கூடத்தில் அழுக்குத் துணி பிரிப்பது அவள் வேலை. வாந்தி படிந்த தலையணை உறை, யார் யாருடைய கறையோ ஒட்டிய விரிப்பு, எதற்கும் அவள் முகம் சுளித்ததில்லை. "இதுக்கெல்லாம் குமட்டினா பிழைப்பு ஓடுமா?" என்பாள்.

பிறந்த குழந்தை தங்காமல் போனபின் மாதக்கணக்கில் படுத்தே கிடந்தவள் அவள். மனநல மருத்துவர் தந்த மாத்திரைதான் எழுப்பி உட்காரவைத்தது. அது கணவனுக்கு மட்டும் தெரியும். கூடவே இருக்கும் நாத்தனாருக்குத் தெரிந்தால் தெருவெல்லாம் தண்டோராதான். பழைய பவுடர் டப்பாவில் ஒளித்துவைத்தாள்.

ஈர மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போனது. மருந்துக்கடையில் வலி மாத்திரை கேட்டு வாங்கி, தினமும் விழுங்கினாள்.

ஒருநாள் கழிப்பறையில் பார்த்தாள். தார் போலக் கறுப்பாக, பிசுபிசுவென்று. ஊரார் அழுக்கில் கைவிட்டவளுக்குத் தன் மலத்தின் நாற்றம் தாங்கவில்லை. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் சோற்றில் வைக்கக் கூசியது. இதை எந்த வாயால் சொல்வது? நாலைந்து நாள் சொல்லவில்லை. பிறகு சலவைக் கூடத்திலேயே, பிரித்துவைத்த துணிமேல், காப்பித்தூள் கரைத்தது போல வாந்தியெடுத்துச் சரிந்தாள்.

மருத்துவமனையில் நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்றார் மருத்துவர்.

"இடுப்பு வலிக்கு மட்டுந்தான். கண்டதையும் திங்கற வாய் டாக்டர்," என்று நாத்தனார் முந்திக்கொண்டாள்.

அவளுக்கு அந்தக் குரலே குமட்டியது. "மனசுக்கும் போடறேன் டாக்டர். ஒரு வருஷமா."

"பைத்தியத்துக்கா?" என்றாள் நாத்தனார்.

மருத்துவர் நாத்தனாரைக் கண்டுகொள்ளவில்லை. "நல்லவேளை சொன்னீங்க. வலி மாத்திரை வயித்தைப் புண்ணாக்கும். மனசு மாத்திரை ரத்தம் உறையறதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். ரெண்டும் சேர்ந்தா வயித்துல ரத்தக் கசிவு வர வாய்ப்பு அதிகம். காப்பித்தூள் மாதிரி வாந்தியில வந்தது அந்த ரத்தந்தான். வலி மாத்திரை இனி வேண்டாம். ஆனா மனசு மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, அதை உங்க டாக்டர்கிட்ட நான் பேசறேன்."

வாய்வழியே குழாய்விட்டுப் பார்த்து, வயிற்றுப் புண்ணில் கசிவை அடைத்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். மனநல மருத்துவர் மாத்திரையை மாற்றிக்கொடுத்தார்.

வீடு திரும்பியபோது அவளுடைய தம்ளர் மட்டும் ஜன்னலோரம் தனியாக இருந்தது.

"ஏன் அண்ணி?" என்று நாத்தனாரைக் கேட்டாள்.

"எதுக்கும் இருக்கட்டுமேன்னுதான்."

தம்ளரை எடுத்து மற்றவற்றோடு வைத்தாள். "இது ஒட்டிக்கிற நோயில்ல. எனக்கு இப்ப குமட்டறது நீங்க பாக்கற பார்வைதான்."

கணவன் அந்தத் தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தான். நாத்தனார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.