துண்டுக்குள் இரத்தக் கொதிப்பு

கம்பவுண்டர் என்பவன் டாக்டர் சொன்ன மருந்தைக் கலக்கிக் கொடுத்துவிட்டு, டாக்டரிடம் சொல்ல முடியாததையெல்லாம் நோயாளியிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவன். மதுரை மேலமாசி வீதிப் பக்கம் ஒரு டிஸ்பென்சரியில் நான் அந்த வேலை பார்த்தேன். உப்பில்லாமல் சாப்பிடும்படி விதிக்கப்பட்ட வாசகர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்கு வயதானால் புரியும்.

முதல் விலை

இரத்தக் கொதிப்பு பார்க்கும் கருவி வந்த புதிது. கையில் துணிப்பட்டையைச் சுற்றுவது என் பொறுப்பு. பழங்காநத்தத்து மாட்டுத் தரகர் மாயாண்டி தலைவலி என்று வந்தார். எங்கள் பக்கத்துச் சந்தைகளில் மாட்டு விலையை வாயால் சொல்வதில்லை. கைகளைத் துண்டு போட்டு மூடிக்கொண்டு ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசுவார்கள். என்ன விலை என்பது அந்த இரண்டு கைகளுக்குத்தான் தெரியும். நான் பட்டையைச் சுற்றியதும் மாயாண்டி தம் தோள் துண்டை என் கைமேல் போட்டு விரல்களைப் பற்றிக்கொண்டார். பழக்கம்.

டாக்டர் எண்ணைச் சொல்லி, மிகவும் அதிகம் என்றார். மாயாண்டி அசரவில்லை.

"முதல்ல கூட்டித்தான் சொல்லுவீக. முடிவா எம்புட்டு?"

கருவாடு

ஊரில் உப்புக்காகச் சிலர் சிறைக்குப் போய்க்கொண்டிருந்த வருஷம் அது. டாக்டர் மாயாண்டிக்கு உப்பை நிறுத்தினார். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதோடு போயின. இந்த நோய்க்கென்று அப்போது உருப்படியான மருந்து கிடையாது. நான் கலக்கிக் கொடுத்தது தூக்கத்துக்கு.

கொஞ்ச நாளில் அவர் மனைவி பொன்னுத்தாய் தனியாக வந்தார். மனிதர் வீட்டில் வைத்ததை மறுக்காமல் சாப்பிட்டுவிட்டு, எதிர்வீட்டில் போய்க் கருவாட்டுக் குழம்பு கேட்கிறாராம். டாக்டர் மேலும் கண்டிப்பாக இருக்கச் சொன்னார். வெளியே வந்து பொன்னுத்தாய் என்னிடம் சொன்னது:

"வெள்ளைக்காரன்கூட வரிய வாங்கிக்கிட்டு உப்பக் குடுத்தான். உங்க டாக்டரு வரியும் வாங்கிக்கிட்டு உப்பையும் புடுங்கிட்டாரு."

நல்ல பெயர்

சில வருஷங்கள் போயின. கொதிப்பு இறங்கவில்லை. ஒருநாள் காதர் ராவுத்தர் வந்தார். மில்லுக்குப் பஞ்சுப் பொதி ஏற்றும் வண்டிகள் வைத்திருந்தவர். மாயாண்டியின் வயதுக்காரர். வண்டி மாடுகளை அவர் மூலமாகத்தான் வாங்குவார். மாயாண்டி இப்போது விற்பவன் கையைப் பிடித்து விலை கேட்டுவிட்டு, வாங்குபவரிடம் வருவதற்குள் அதை மறந்துவிடுகிறார் என்றார். விலையை வாயால் சொல்லியிருந்தால் நாலு பேர் கண்டுபிடித்திருப்பார்கள். துண்டுக்குள் நடப்பதால் யாருக்கும் தெரியவில்லை. கிழவர் வேண்டுமென்றே விலையைப் புரட்டுகிறார் என்று சந்தையே நினைத்தது. சின்னத் தரகர்கள் அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளக்கூடச் செய்தார்களாம்.

"நீங்களாவது உண்மையைச் சொல்லக் கூடாதா?" என்றேன்.

"கள்ளன்னு பேரு வந்தாலும் சந்தையில பொழச்சுக்கலாம், தம்பி. மறதின்னு பேரு வந்தா எவனும் கையக் குடுக்க மாட்டான். வெளிய சொல்லிறாதீக."

கிழமை

ராவுத்தரும் பொன்னுத்தாயும் சேர்ந்து அவரை அழைத்து வந்தார்கள். இத்தனை வருஷக் கொதிப்பில் மூளைக்குப் போகும் சின்னச் சின்ன இரத்தக் குழாய்கள் கெட்டிருக்கும், போனது திரும்பாது, சந்தைக்கு அனுப்பாதீர்கள் என்றார் டாக்டர். அதற்கு முன்னால் சோதனையாக, இன்று என்ன கிழமை என்று மாயாண்டியிடம் கேட்டிருந்தார். மாயாண்டி ராவுத்தரைத் திரும்பிப் பார்த்து, சந்தை உண்டா என்று விசாரித்தார். இல்லை என்றதும் டாக்டரிடம் சொன்னார்:

"சந்தையில்லாத நாளுக்குக் கிழமை எதுக்குங்க?"

சம்மதம்

வீட்டில் உட்கார வைத்தால் மாயாண்டி சாப்பிட மறுத்தார். வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு, நேரமாச்சு, போறேன் என்று நின்றார். ஆகவே ராவுத்தர் அவரை வண்டியில் ஏற்றிச் சந்தைக்குக் கூட்டிப் போனார். மாடு விற்பவனிடம் முன்னதாகவே தனியாகப் பேசி முடித்துவிடுவார். பிறகு எல்லாரும் பார்க்க மாயாண்டியிடம் கையை நீட்டுவார். துண்டு விழும். மாயாண்டி எந்த விரலைப் பிடித்தாலும், "சரி மாப்ள, முடிஞ்சது" என்று ராவுத்தர் உரக்கச் சொல்வார். அன்றைக்கு மாயாண்டி நன்றாகச் சாப்பிடுவார் என்றார் பொன்னுத்தாய்.

கடைசியாக டிஸ்பென்சரிக்கு வந்தபோது மாயாண்டிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நான் பட்டையைச் சுற்றினேன். துண்டு என் கைமேல் விழுந்தது. வாசலில் ராவுத்தர் வண்டிக்காரனோடு பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, என்னைக் கிட்ட இழுத்தார்.

"ராவுத்தருக்கு மறதி வந்திருச்சு, தம்பி. நான் எம்புட்டுச் சொன்னாலும் சரிங்கிறாரு. வெளிய சொல்லிறாதீக."

இப்போது என் கையிலும் யாரோ பட்டையைச் சுற்றுகிறார்கள். டாக்டர் எண்ணைச் சொன்னதும், முடிவாக எவ்வளவு என்று கேட்க நாக்குநுனி வரை வருகிறது.