ரோஜாச் செடி நிற்கும் இடம்

தாதோங் நகரத்துக் கோட்டைச் சுவரைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுவதுதான் ஷி யுன்ஷியாவின் பிழைப்பு. சுவரைப் புதுப்பித்தபோது அதன் அடியிலிருந்த வீடுகளை இடித்தார்கள். அவள் பிறந்த வீடும் போயிற்று. அடுக்குமாடிக்கு மாற்றப்பட்ட அப்பா, அடியில் கணப்பு மூட்டிய செங்கல் படுக்கை இல்லாமல் தூக்கம் கெட்டு, அந்தக் குளிர்காலத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

இன்று ஒரு பயணி சுவரடியில் இப்போதிருக்கும் பூந்தோட்டத்தைக் காட்டி, "இங்க முன்னாடி என்னம்மா இருந்துச்சு?" என்றார்.

"வீடுங்க ஐயா. அந்த ரோஜாச் செடிகிட்டதான் எங்க அடுப்படி."

"அட! இப்ப எவ்வளவு அழகா இருக்கு! அங்க போய் நில்லும்மா, ஒரு போட்டோ எடுக்கறேன். கொஞ்சம் சிரி."

போய் நின்றாள். சிரிக்கவும் செய்தாள்.

மதியம் வந்த கூட்டத்தில் ஒரு பெண்ணும் அதையே கேட்டாள்.

"ஒண்ணுமில்லீங்க, சும்மா கெடந்த எடந்தான்" என்றாள் யுன்ஷியா.