நர்சம்மா பாவு விரித்த சந்து

சின்னாளபட்டியில் அல்போன்சா நர்சம்மா என்றால் பூச்சி மாத்திரைதான் ஞாபகம் வரும். தலைவலி என்று போனாலும் முதலில் அதைத்தான் எடுப்பார்.

தொண்ணூற்றேழில் நெசவாளி பெருமாள்சாமியின் மகள் அறிவுச்செல்விக்கும் அதையே கொடுத்தார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் வயிற்றுவலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிக்காது. அடுத்த வாரம் அதே தெருவிலிருந்து இன்னும் இரண்டு பிள்ளைகள் அதே வலியோடு வந்து நின்றார்கள்.

"ஒரே தெருவுல மூணு பேருக்குப் பேதின்னா தண்ணித் தொட்டியத்தான போய்ப் பாப்பேன்? இதுக்கு மட்டும் மாத்திரையக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன்" என்று தன்னையே திட்டிக்கொண்டு, மறுநாள் அறிவுச்செல்வியோடு பள்ளிக்கு நடந்தார்.

வழியில் ஆள் நடமாட்டமில்லாத வேப்பமரச் சந்து. சைக்கிளில் சாய்ந்தபடி நாலைந்து பையன்கள். நர்சம்மாவைக் கண்டதும் மரத்தில் காக்கா எண்ணினார்கள். அவர்களில் ஒருவன் ஒருநாள் தன் கையைப் பிடித்து இழுத்ததை அப்போதுதான் அறிவுச்செல்வி சொன்னாள்.

அன்றே அவன் வீட்டுக்கும், அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனார் நர்சம்மா. ஆனாலும் பெருமாள்சாமி மனம் ஆறவில்லை.

"ஒருத்தன் போனா இன்னொருத்தன் வருவான் நர்சம்மா. படிச்சது போதும், பிள்ள வீட்டுல இருக்கட்டும்."

"கொசு கடிக்குதுன்னு பிள்ளைய பீரோவுல வச்சா பூட்டுவீங்க? தேங்குன தண்ணியத்தாண்ணே கொட்டணும். ஆமா, பாவு எங்க விரிக்கிறீக?"

தறியில் ஏற்றுமுன் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுவார்கள். காலையில் நடக்கும் வேலை. பத்துப் பேராவது வேண்டும்.

"எங்க தெருவுலதான்."

"சந்துல விரிங்க. நிழலுக்கு நிழலுமாச்சு."

திங்கட்கிழமை சந்து முழுக்கப் பாவு. இருபுறமும் பெண்கள், வாய் ஓயாத பேச்சு. பையன்கள் வந்தார்கள்.

"வழி விடுங்கக்கா."

"நூலு அறுந்தா நீயாடா முடிச்சுப் போடுவ?" என்றாள் கஞ்சி தடவிக்கொண்டிருந்த கருப்பாயி.

அப்படியும் ஒருவன் ஒடுங்கி நுழைந்தான். கருப்பாயியின் கஞ்சி பிரஷ் அவன் பேண்ட்டில் மேலும் கீழுமாக நடந்தது.

"போ அப்பு. காஞ்சா இஸ்திரியே வேணாம், தகரமா நிக்கும்."

சிரிப்பு அடுத்த தெருவரை கேட்டது. பையன்கள் வேறு சந்து தேடினார்கள். கொஞ்ச நாளில் அந்தச் சந்திலும் பாவு விரிந்தது.

அறிவுச்செல்விக்கு வலி போன இடம் தெரியவில்லை. இப்போது வேறு தொல்லை. சந்துக்கு வந்தால் கருப்பாயியோடு கதை பேச நின்றுவிடுவாள். நூலைப் பிடித்தபடியே பெருமாள்சாமி கத்துவார்:

"மணியடிக்கப் போறாக. பள்ளிக்கூடத்துக்குப் போறியா, இல்ல நான் வந்து விடணுமா?"